ஆணித்தரம்



"ஆணித்தரமாகப் பேசினார்", "ஆணித்தரமான வாதம்", "ஆணித்தரமான சான்று" என்னும் தொடர்களை நாம் நாள்தோறும் கேட்கிறோம். செய்தித்தாளைப் பிரித்தால் ஒருமுறையேனும் இச்சொல் கண்ணிற் படாமற் போகாது. வழக்கறிஞர் ஆணித்தரமாக வாதிட்டார் என்பர். உறுப்பினர் ஆணித்தரமாக எடுத்துரைத்தார் என்பர். எதிர்ப்பேச்சுக்கு இடமில்லாமல் ஒரு வழக்கை முடித்துவைக்கும் சொல்லுக்குத் தமிழில் நாம் இட்டு வழங்கும் அடைமொழி இதுவே.

இச்சொல்லின் பொருள் யாது என்று வகுப்பிற் கேட்டால், பெரும்பாலும் எல்லா மாணவரும் ஒரே விடையைத்தான் கூறுவர். "ஆணி அடித்தாற்போல உறுதியாக, ஐயா" என்பர். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்த எனக்கு இது பழகிய விடை. அதனை முற்றிலும் தவறு என்று தள்ளிவிட நான் வரவில்லை. ஆனால், அந்த விடையைச் சற்றே உரைத்துப் பார்க்கவேண்டும் என்றுதான் இன்று உங்கள் முன் வந்திருக்கிறேன்.

ஆணி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது மரத்தில் அறையும் இரும்பாணி. ஓலையிற் கீறி எழுதும் எழுத்தாணியும் ஆணிதான். வண்டிச் சக்கரம் கழன்று போகாமல் அச்சின் கடையிற் செருகும் முளையும் ஆணிதான். அதனை அச்சாணி என்றும் கடையாணி என்றும் சொல்கிறோம். உருவத்தைக் கண்டு யாரையும் இகழலாகாது என்று சொல்லவந்த திருவள்ளுவர், பெரிய தேருக்கு இன்றியமையாத அந்தச் சிற்றாணியையே உவமையாக எடுத்தார். வடமொழியிலும் அச்சின் முளைக்கு ஆணி என்றே பெயர். இருக்கு வேதத்திலேயே அச்சொல் காணப்படுகிறது. எம்மொழியிலிருந்து எம்மொழிக்குச் சென்றது என்னும் வழக்கிற்குள் இன்று நான் நுழையப்போவதில்லை. அது முடியும் முன் எனக்குத் தந்த நேரம் முடிந்துவிடும்.

அறையும் ஆணிக்கும் வாதத்திற்கும் உறவு காண்பது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கமும் அன்று. வாதத்தை முடித்துவைக்கும் சொல்லை ஆங்கிலேயர் 'கிளிஞ்சர்' என்பர். நம் கடற்கரைக் கிளிஞ்சலுக்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை! பலகையில் ஆணியை அறைந்து, மறுபுறம் நீண்டு வெளிவந்த முனையை மடக்கி அடித்து, திரும்பக் கழலாதபடி செய்யும் தச்சுத் தொழிலுக்குக் 'கிளிஞ்ச்' என்று பெயர். அங்கிருந்துதான் அச்சொல் வாத மேடைக்கு ஏறிற்று. எனவே ஆங்கிலத்தை ஒட்டிப் பார்ப்பவர், நம் ஆணித்தரத்தையும் அதே தச்சுப் பட்டறையில் தேடுவது இயல்பே.

ஆனால் ஒரு தடை எழுகிறது. ஆணித்தரம் என்பதில் ஆணியோடு தரம் என்றொரு சொல்லும் நிற்கிறதே! அதனை என் செய்வது? இரும்பாணியின் வேலை அறைவதும் பிணிப்பதும். அதற்குத் தரம் எங்கிருந்து வந்தது? தரம் என்பது வகுத்துப் பார்க்கும் பொருள்களுக்கு உரிய சொல். நெல்லுக்குத் தரம் உண்டு. பருத்திக்குத் தரம் உண்டு. சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி முறையில் நிலவரி விதித்தபோது, மண்ணின் வளத்தை நோக்கி நிலங்களைத் 'தரம்' பிரித்தே தீர்வை கட்டினர். உளித்தரம், சுத்தித்தரம் என்று எவரும் சொல்வதில்லை. அறைந்த ஆணியின் உறுதியைச் சொல்ல விரும்பினால் அதற்குத் தமிழில் வேறு தொடர்கள் உண்டு. 'ஆணி அறைந்தாற்போல' என்கிறோம். இளமையிற் கற்றது மனத்திற் பதிவதைப் 'பசுமரத்தாணிபோல' என்கிறோம். அங்கெல்லாம் தரம் என்னும் சொல் வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை.

இனி, ஆணி என்பதை முன்னே நிறுத்திப் பிறந்த வேறு சொற்களைப் பாருங்கள். ஆணிப்பொன் என்றால் மாற்று உயர்ந்த பொன். பெரியாழ்வார் கண்ணனைத் தாலாட்டும்போது, அவனுக்கு அமைத்த தொட்டில் ஆணிப்பொன்னாற் செய்தது என்கிறார். அத்தொட்டிலில் இரும்பாணி அறைந்திருந்தது என்று எவரேனும் பொருள் சொல்வரோ? ஆணிமுத்து என்றால் முத்துக்களுள் உயர்ந்த முத்து. முத்தில் ஆணி அறைந்தால் முத்து உடைந்து போகும்! இவ்விரு சொற்களிலும் ஆணி என்பது உயர்வைக் காட்டுகிறதேயன்றி உறுதியைக் காட்டவில்லை. ஆணித்தரமும் இந்தக் குடும்பத்துப் பிள்ளையே என்பது என் கருத்து. முதல்தரம், உயர்ந்த தரம் என்பதே அதன் பழம்பொருள்.

அப்படியாயின், உயர்வைக் காட்டும் இந்த ஆணி எது? அதற்குத் தச்சுப் பட்டறையை விட்டுத் தட்டார் தெருவுக்குச் செல்லவேண்டும்.

பொற்கொல்லரிடம் கரிய நிறமுள்ள, மழமழப்பான கல்லொன்று இருக்கும். அதுவே உரைகல். அதனோடு, மாற்று இன்னது என்று முன்னமே தெரிந்த பொன்னால் நுனி அமைந்த சிறு ஆணிகளும் இருக்கும். அவற்றிற்கு உரையாணி என்று பெயர். நீங்கள் ஒரு நகையைக் கொண்டு செல்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் அந்நகையைக் கல்லில் ஒருமுறை தேய்ப்பார். ஒரு கோடு விழும். அதன் அருகிலேயே உரையாணியைத் தேய்ப்பார். மற்றொரு கோடு விழும். இரண்டு கோடுகளின் நிறத்தையும் ஒப்பு நோக்குவார். உங்கள் பொன்னிற் செம்பு கலந்திருந்தால் கோடு சிவந்து காட்டும். வெள்ளி கலந்திருந்தால் வெளுத்துக் காட்டும். ஆணியின் கோட்டை ஒத்திருந்தால், "இது ஆணிக்கு ஒக்கும்" என்பார். அவர் உரத்துப் பேசவேண்டியதில்லை, சத்தியம் செய்யவேண்டியதில்லை. கோடு கல்லில் கிடக்கிறது. நீங்களும் பார்க்கலாம், அடுத்த கடைக்காரரும் பார்க்கலாம்.

இந்த ஆணி தட்டாருடைய பெட்டிக்குள் மட்டும் இருந்ததன்று. அரசாங்கத்திற்கும் ஆணி உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில், கி.பி. 1010ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் வெட்டிய கல்வெட்டுக்களைப் படித்தால் இது விளங்கும். முதலாம் இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் பிறரும் அளித்த பொன் எவ்வளவு என்பது கழஞ்சுக் கணக்கில் அங்கே பொறித்திருக்கிறது. அப்பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான் என்றும் குறித்திருக்கிறது. அம்மட்டோ? பொன்னின் மாற்றைச் சொல்லுமிடத்துத் தண்டவாணி என்றொரு அளவையை வைத்து, அதற்கு ஒப்பானது என்றோ, அதனினும் கால் மாற்றுத் தாழ்ந்தது என்றோ எழுதியிருக்கிறார்கள். அரச குடும்பத்தார் கொடுத்த பொன் என்பதற்காக எல்லாம் உயர்ந்த பொன் என்று எழுதிவிடவில்லை. கால் மாற்றுக் குறைந்ததைக் குறைந்தது என்றே கல்லில் வெட்டிவைத்த அக்கணக்கர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆகவே ஆணி என்பது, பிற பொன்னை அளந்தறிவதற்கு நாட்டிய அளவுகோல். அந்த ஆணியோடு ஒத்த தரம் ஆணித்தரம். பொன்னுக்கு உரிய இச்சொல் உயர்வைக் குறிக்கும் பொதுச்சொல்லாகி, உரைகல்லிலே உரைக்காத முத்துக்கும் சென்றது; பின்னர்ப் பேச்சுக்கும் வந்தது. 'பத்தரைமாற்று' என்பதும் இவ்வாறே பட்டறையிலிருந்து புறப்பட்டு, நல்ல பிள்ளைகளைப் பாராட்டும் சொல்லாகிவிட்டது அல்லவா?

இங்கே உங்களுள் ஒருவர் எழுந்து, "இன்று எல்லாரும் உறுதி என்ற பொருளில்தானே வழங்குகிறார்கள்?" என்று கேட்கக்கூடும். நல்ல கேள்வி. சொற்கள் ஓரிடத்திலேயே நின்றுவிடுவதில்லை. உரையாணியைக் கண்டறியாத தலைமுறைகள் பெருகியபோது, கண்ணெதிரே இருந்த இரும்பாணி வந்து சொல்லின் பொருளைத் தன்பக்கம் இழுத்துக்கொண்டது. அதனை யாரும் தடுக்க முடியாது. இன்றைய வழக்கில் இரண்டு ஆணிகளும் இச்சொல்லுக்குள் இருக்கின்றன என்று கொள்வதே முறை. ஆயினும், வாதம் செய்யப்போகும் ஒருவன் எந்த ஆணியை மனத்திற்கொண்டு போகிறான் என்பதில் பெரிய வேறுபாடு இருக்கிறது. ஒருவன் சுத்தியலைத் தேடுவான். மற்றவன் உரைகல்லைத் தேடுவான்.

பள்ளி இலக்கிய மன்றத்தில் ஒருமுறை, 'பொன் சிறந்ததா, இரும்பு சிறந்ததா' என்று சொற்போர் நடந்தது. பொன்னின் பக்கம் பேசிய மாணவன் நல்ல குரல்வளம் உடையவன். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் மேசையைக் குத்தினான். தண்ணீர்க் குவளை உருண்டு விழுந்தது. மன்றம் கைதட்டி ஆர்ப்பரித்தது. இரும்பின் பக்கம் பேச வந்தவன் மெலிந்த குரலினன். "கலப்பைக் கொழுவைப் பொன்னாற் செய்து நம் ஊர்க் கரிசலில் ஒரு சால் ஓட்டிக் காட்டட்டும், அதற்குப்பின் நான் தோல்வியை ஒப்புக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டு அமர்ந்தான். பொன் வளையும் என்பது அங்கிருந்த உழவர் வீட்டுப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அதன்பின் யாருக்கும் மேசையைக் குத்தத் தோன்றவில்லை.

சொற்போரில் தோற்றால் ஒரு கோப்பைதான் போகும். உயிரே போன வழக்கொன்று நம் இலக்கியத்தில் இருக்கிறது. சிலப்பதிகாரத்தை எண்ணிப் பாருங்கள். அதில் இரண்டு வாதங்கள் வருகின்றன. இரண்டும் ஒரே சிலம்பைப் பற்றியவை.

முதல் வாதம் கொலைக்களத்தில் நிகழ்வது. அதனைச் செய்தவன் பொற்கொல்லன். கோவலனைக் காண வந்த காவலர், அவன் தோற்றத்தை நோக்கி, இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று தயங்குகின்றனர். பொற்கொல்லன் நகைத்து, கள்வர் தொழிலின் துணைகளை வரிசையாக எடுத்துரைக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என எட்டு. ஒவ்வொன்றிற்கும் விளக்கம் தருகிறான். அவன் பேச்சில் கல்வி இருக்கிறது, ஒழுங்கு இருக்கிறது, உறுதி இருக்கிறது. ஒன்று மட்டும் இல்லை: அவன் கூறியவற்றுள் கோவலனைப் பற்றியது யாதுமில்லை. கள்வர் பொதுவாக எத்தகையோர் என்பதையே பேசி, எதிரே நிற்பவன் கள்வன் என்று நம்பவைத்துவிட்டான். கல்லாத காவலன் ஒருவனின் வாள் வீழ்ந்தது. உரைகல்லோடு வாழ்நாளைக் கழித்த தொழிலாளன், உரைத்துப் பாராத வாதத்தைப் பிறர் தலையிற் கட்டினான் என்பதை எண்ணும்போதெல்லாம் இளங்கோவடிகளின் திறத்தை நான் வியப்பதுண்டு.

இரண்டாவது வாதம் வழக்குரை காதையில் வருகிறது. கண்ணகி அரசன்முன் நிற்கிறாள். அவளுக்குத் துணை இல்லை; சான்று சொல்ல ஆள் இல்லை; மதுரைக்கு அவள் புதியவள். கள்வனைக் கொல்வது கொடுங்கோல் அன்று என்று அரசன் பொதுநீதி பேசுகிறான். அவள் பொதுநீதியோடு மல்லுக்கு நிற்கவில்லை. தன் சிலம்பின் உள்ளிருக்கும் பரல் மாணிக்கம் என்கிறாள். தன் தேவியின் சிலம்பிலுள்ள பரல் முத்து என்கிறான் பாண்டியன். அவள் கூறியது செம்மையான சொல் என்று ஒப்பவும் செய்கிறான். சிலம்பு கொண்டுவரப்படுகிறது. அவள் உடைக்கிறாள். மாணிக்கம் தெறிக்கிறது. வழக்கு முடிந்தது.

அவ்வாதத்தின் வலிமை எங்கே இருக்கிறது? உடைத்ததில் இல்லை என்பேன். உடைப்பதற்கு முன்பே, உள்ளே இருப்பது இன்னது என்று இருவரும் சொல்லிவிட்டார்கள், அங்கேதான் இருக்கிறது. உடைத்தபின் அரசன், "எங்கள் சிலம்பிலும் மாணிக்கம்தான்" என்று சொல்ல வழியில்லை. முத்து வந்திருந்தால் கண்ணகியும் வேறொன்று சொல்ல வழியில்லை. தான் தோற்கக்கூடிய சோதனையைத் தானே முன்வந்து குறித்துக் கொடுத்தாள் அவள். நகைக்கும் ஆணிக்கும் ஒரே கல் என்பதைப்போல, இரு திறத்தார்க்கும் ஒரே சோதனை. பாண்டியனிடத்தும் ஒரு பெருமை உண்டு. கோடு கல்லில் விழுந்தபின் அவன் அதனை மறுக்கவில்லை. கோவலன் உயிரோடு இருந்தபோதே, "உன் சிலம்பின் பரல் யாது?" என்னும் அவ்வொரு கேள்வியை எவரேனும் கேட்டிருந்தால், காப்பியத்திற்கே இடமில்லாமற் போயிருக்கும்.

அக்கேள்வியின் பயனை நான் பணியாற்றிய பள்ளியொன்றில் ஒருநாள் கண்டேன். ஒரே வடிவக் கணிதப் பெட்டியை இரு மாணவர்கள் தமதென்று உரிமை கொண்டாடினர். ஒருவன் வசதியான வீட்டுப் பிள்ளை. அவனுக்காகப் பேச நான்கு நண்பர்கள் வந்திருந்தனர். மற்றவன் அழுதுகொண்டு நின்றான். அவன் தந்தை கூலி வேலை செய்பவர். அவனிடம் அத்தகைய பெட்டி எப்படி வரும் என்பதே அந்நால்வரின் வாதம். நான் இருவரையும் தனித்தனியே அமர்த்தி, பெட்டிக்குள் இருப்பவற்றின் அடையாளங்களை எழுதித் தரச் சொன்னேன். முதல்வன் கவராயம், பாகைமானி, மூலைமட்டம் என்று கடையில் வாங்கும் எல்லாப் பெட்டிக்கும் பொருந்துவதை எழுதினான். அழுதவன், பாகைமானியில் எழுபதுக்கும் எண்பதுக்கும் இடையே ஒரு கீறல் உண்டு என்றும், கவராயத்தின் திருகு கழன்றமையால் நூல் சுற்றியிருக்கிறது என்றும் எழுதினான். பெட்டியைத் திறந்தோம். நான்கு நண்பர்களும் வகுப்புக்குத் திரும்பினர்.

வாதத்தை இவ்வாறு உரைத்துப் பார்க்கும் கலை நம் முன்னோர்க்குப் புதியதன்று. மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், காஞ்சியில் அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூலைக் கற்பிக்கிறார். மலையில் நெருப்பு இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது. புகை இருப்பதால் என்று ஏதுக் காட்டவேண்டும். அடுக்களையைப்போல என்று எடுத்துக்காட்டும் தரவேண்டும். அக்காதையின் பெரும்பகுதி போலிகளைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். ஏதுப்போல் தோன்றி ஏதுவாகாதவை, எடுத்துக்காட்டுப்போல் தோன்றிப் பொருந்தாதவை ஆகியவற்றை அடிகள் ஒவ்வொன்றாக வகுத்துக் காட்டுகிறார். பரீட்சைக்கு வராத பகுதி என்று மாணவர்கள் இதனைத் தாண்டிச் செல்வதுண்டு. தாண்டாமற் படியுங்கள்.

உரைகல்லுக்கும் போலி உண்டு. அர்த்த சாத்திரத்திற் பொன் சோதிக்கும் முறையை விரித்துரைக்கும் ஆசிரியர், உரைப்பவன் நகக்கண்ணில் காவிப்பொடியை மறைத்துவைத்துக் கோட்டின்மேல் தூவி நிறத்தை மாற்றிவிடுவான் என்று எச்சரிக்கிறார். வாதத்திலும் இத்தகைய நகக்கண் வித்தைகள் உண்டு. கேட்போரின் சாதி, ஊர், கட்சி ஆகியவற்றைத் தொட்டுப் பேசிச் சினமூட்டுவது அவற்றுள் ஒன்று. கோட்டிற்கு நிறம் ஏறும், பொன் ஏறாது. மற்றொரு குறையும் உண்டு. உரைகல் மேற்பூச்சை மட்டுமே காட்டும். உள்ளே பித்தளை இருந்து மேலே பொன்முலாம் பூசியிருந்தால், மெல்லத் தேய்த்தவன் ஏமாறுவான். தேர்ந்த தட்டார் அரத்தால் ஓரிடத்தில் ஆழ அராவிவிட்டு, அந்த இடத்தைத்தான் உரைப்பார். வாதத்தில் அரத்தின் வேலையைச் செய்வது, "எப்படித் தெரியும்?" என்னும் கேள்வி. அதனைக் கேட்டால் சிலர் கோபம் கொள்வர். நல்ல பொன் வைத்திருப்பவன் அரத்தைக் கண்டு அஞ்சமாட்டான்.

இவ்வளவும் தெரிந்தபின், 'ஆணித்தரமாக மறுத்தார்' என்று செய்தித்தாளிற் படிக்கும்போது எனக்கு ஒரு சிறு சிரிப்பு வரும். மறுத்தவர் சான்று ஏதும் காட்டினாரா என்று செய்தியை முழுதும் படித்துப் பார்ப்பேன். பெரும்பாலும் குரலை உயர்த்தியதாகத்தான் இருக்கும். 'வன்மையாக மறுத்தார்' என்று எழுதியிருந்தால் போதும். அதற்குத் தமிழிற் சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆணித்தரம் என்னும் சொல்லை உரைத்துத் தேறியவற்றுக்கென்று ஒதுக்கி வைக்கலாம் என்பது என் வேண்டுகோள்.

தேறிய ஒன்றை நீங்களே உரைத்துப் பார்க்க விரும்பினால், பழைய வாதமொன்றைச் சொல்கிறேன். கி.மு. நான்காம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில், பூமி உருண்டை வடிவினது என்பதற்குச் சந்திர கிரகணத்தைச் சான்று காட்டினார். கிரகணத்தின்போது நிலவின்மேல் விழுவது பூமியின் நிழல். அந்நிழலின் விளிம்பு எப்போதும் வளைந்தே இருக்கிறது. பூமி தட்டையான வட்டமாக இருந்தால், ஒளி பக்கவாட்டில் படும் வேளைகளில் நிழல் நீண்டு ஒடுங்கித் தோன்றவேண்டும். எத்திசையிலிருந்து ஒளிபட்டாலும் வட்ட நிழலே தருவது உருண்டை ஒன்றுதான். வீட்டில் ஒரு விளக்கை ஏற்றிவைத்து, ஒரு ரூபாய் நாணயத்தையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் சுவரின்முன் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பாருங்கள். நாணயத்தின் நிழல் ஒரு நிலையில் வட்டமாகவும் மறுநிலையில் வெறுங்கோடாகவும் மாறும். பழத்தின் நிழல் அவ்வாறு மாறாது. பஞ்சாங்கத்தில் அடுத்த சந்திர கிரகணம் எந்நாளில் வருகிறது என்று பார்த்து வைத்துக்கொண்டு, அன்று மாடிக்குச் சென்று நிழலின் விளிம்பைக் கவனியுங்கள். வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம், கண்ணுக்குத் தீங்கு ஒன்றுமில்லை.